ஆசனூரில் புல் முற்றும் மாதம்

ஆசனூர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புல்தான். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து மேலே வந்தால் சரிவெல்லாம் புல். மாசியில் தீ கருக்கிப்போட்ட சரிவில், சித்திரையில் இரண்டு உழவு மழை பெய்தால் பச்சை கிளம்பிவிடும். வைகாசியிலும் ஆனியிலும் யானைக் கூட்டம் அங்கேதான் நிற்கும். குட்டிகள் இருப்பது புல் அசைவதில்தான் தெரியும். அந்த மாதங்களில் அவற்றுக்கு இளந்தாள் போதும்.

புரட்டாசியில் புல் பூத்து, தாள் நாராகிவிடும். அப்போது யானை தின்னும் விதமே மாறும். தூரோடு பிடுங்கி, முன்காலில் அடித்து மண்ணை உதறி, முற்றிய மேல்பகுதியைக் கழித்துவிட்டு, சாறுள்ள அடித்தண்டை மட்டும் வாயில் வைக்கும். அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"புல்லு முத்திருச்சு கண்ணு, இனி ராகிக்காட்டுல பரண் கட்டோணும்" என்பார் அப்பாரு. தாளவாடிப் பக்கம் ராகி கதிர் வாங்குவதும் காட்டில் புல் முற்றுவதும் ஒரே பருவம். 1980களின் தொடக்கத்தில் இந்தக் காடுகளில் யானைகளைத் தொடர்ந்து கவனித்த ராமன் சுகுமார், அவை 112 வகைத் தாவரங்களைத் தின்பதைப் பதிவுசெய்தார். காட்டுப்புல்லைவிட விளைபயிரில் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் உப்பும் கூடுதல் என்றும் கண்டார். வயலுக்குள் அதிகம் இறங்குவது ஆண் யானைதான். குட்டிகளோடு திரியும் கூட்டம் அந்த ஆபத்துக்குத் தயங்கும். அப்பாரு அதைத் திருட்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை. தகரம் தட்டி விரட்டுவார், அவ்வளவே.

தை பிறந்தால் யானைகள் மோயாற்றுப் பள்ளத்துக்கு இறங்கிவிடும். அங்கே தண்ணீர் உண்டு, மூங்கில் உண்டு, வேல மரங்கள் உண்டு. தடச மரத்தின் பட்டையை நீள நீளமாக உரித்துத் தின்னும். புளியும் விளாவும் பழுத்திருக்கும்.

அந்தப் புல்சரிவுகளில் பலவற்றை இன்று உண்ணிச்செடி மூடிவிட்டது. அதன் அடர்ந்த நிழலில் புல் எழும்புவதில்லை. யானையும் அதைத் தீனியாகக் கொள்வதில்லை. 2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமானது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் புல் இல்லாத காட்டில் யானை எங்கே போகும்? கரும்பு லாரியை மறித்து நிற்கும் யானைகளைப் பலரும் படமெடுத்து ரசிக்கிறார்கள். என்னால் அந்தப் படங்களைப் பார்க்கவே முடிவதில்லை. ராகி விளைந்த பல காடுகளில் இப்போது கரும்பு நிற்கிறது. ராகி சில வாரங்கள்தான் யானையை இழுக்கும். கரும்பு ஆண்டு முழுவதும் இழுக்கிறது. எந்த மாதம் பரண் கட்டுவதென்று இன்று அப்பாரு இருந்தாலும் சொல்ல முடியாது.