போகத்தான் காசு, வர இலவசம்

பினாங்குக்குப் போகாத தோட்டத்து வாசகர் யாராவது இருக்கிறீர்களா? கெடாவிலும் பேராக்கிலும் உள்ளவர்கள் தைப்பூசத்துக்காவது தண்ணீர்மலைக்குப் போயிருப்பீர்கள். ஜொகூர்ப் பக்கத்து வாசகர்கள் தேனிலவு என்று சொல்லிக்கொண்டு, மாமியாரையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். ஆனால் பாலத்தில் போனவர்களை நான் கேட்கவில்லை. பாலத்தில் போவதும் ஒரு போக்கா? காரில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டுக் கண் விழித்தால் தீவு வந்துவிடுகிறது. பட்டர்வொர்த்தில் இறங்கி, ஜெட்டியில் வரிசை பிடித்து, பெர்ரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனீர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன்.

போன பள்ளி விடுமுறையில் என் பேத்தியை அப்படி அழைத்துப் போனேன். ஆறு வயது. வாய் மட்டும் பதினாறு. இப்போது ஓடுபவை 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள். ஆட்கள் ஏறலாம், மோட்டார் சைக்கிள் ஏறலாம், கார் ஏறாது. பெரியவர்களுக்கு இரண்டு வெள்ளி. அந்தக் காலம் போல் மடியை அவிழ்த்துச் சில்லறை தேட வேண்டியதில்லை. அட்டையைத் தட்டினால் கதவு திறக்கிறது. நான் தட்டினேன். கதவும் திறந்தது.

"தாத்தா, திரும்பி வரும்போதும் தட்டணுமா?"

"வேணாம்மா. திரும்பி வர்றது இலவசம்."

"ஏன்?"

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன பதில் சொல்வேன்? பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகிறவர் எப்படியும் திரும்பி வந்துதானே ஆக வேண்டும் என்று ஒரே பக்கத்தில் காசு வாங்கிக்கொள்கிறார்கள். பாலத்திலும் இதே கதைதான். பிறைப் பக்கத்தில் மட்டும் கட்டணம். இதைச் சொன்னேன். பேத்தி நம்பவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையை நான் நாற்பது வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாயி முகத்தில்.

1983ஆம் ஆண்டு அது. கூலிம் பக்கத்தில் எங்கள் தோட்டம். எனக்கு வயது பதின்மூன்று. அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூறைப்புடவை கூலிமில் வாங்கினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? பினாங்கு மார்க்கெட் தெருவில்தான் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. சம்பளம் போட்ட மறு ஞாயிறு புறப்பட்டோம். அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா, நான், தங்கை, இவர்களோடு அப்பாயி.

அப்பாயி வருவதாகவே இல்லை. நாலு நாளாக ஒரே மறுப்பு. காலை வலிக்குது என்றாள். கோழியை யார் பார்ப்பது என்றாள். கடைசியில் அத்தை அழுத பிறகுதான் வெள்ளைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வந்தவளின் முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு. வெற்றிலை பாக்குக் காசு என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

தோட்டத்துக் குடும்பம் பட்டணம் புறப்படும் அழகை நீங்கள் அறிவீர்கள். ஒருநாள் பயணத்துக்கு ஒரு வாரச் சாப்பாடு. புளிச்சோறு, அவித்த முட்டை, வாழையிலை, தண்ணீர்ப் போத்தல், பஸ்ஸில் வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம், அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பழைய மாவுப் பை. சித்தப்பா மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்களை யாரென்றே தெரியாதவர் போல் பத்தடி தள்ளி நின்றார். பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகக் குடையை உள்ளே போட்டு இடம் பிடித்தவரும் அவர்தான்.

கண்டக்டர் வந்தார். "பையனுக்கு என்ன வயசு?"

"பத்து" என்றார் அம்மா.

"பதின்மூணு" என்றேன் நான். இடைநிலைப்பள்ளிக்குப் போக ஆரம்பித்த பெருமை எனக்கு. அந்தப் பெருமைக்கு முழு டிக்கெட் ஆயிற்று. புக்கிட் மெர்தாஜாம் தாண்டும் வரை அம்மா என் தொடையிலிருந்து கையை எடுக்கவில்லை. கிள்ளிய கை அது.

பட்டர்வொர்த் ஜெட்டியில்தான் கூத்து ஆரம்பமாயிற்று. அப்பா சில்லறையை எண்ணிப் போட்டு ஒவ்வொருவராக உள்ளே தள்ளிவிட்டார். அப்பாயி மட்டும் அந்தச் சுழல் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"திரும்பி வர்றதுக்கு டிக்கெட்டு எங்கடா?"

"திரும்பி வர டிக்கெட்டு வேணாம்மா. சும்மாவே வரலாம்."

"கப்பல்ல எவன்டா சும்மா ஏத்துவான்?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. ஒரு சீனர் கையில் இரண்டு வாத்துகளோடு நின்றார். வாத்துகள் எங்களைவிடப் பொறுமையாக இருந்தன. அப்பா கெஞ்சினார். "இங்க மட்டும்தான் காசு வாங்குவான். அங்க வாங்க மாட்டான். கம்பினி அப்படித்தான் வச்சிருக்கான்."

"அப்ப அங்கயிருந்து யாரும் திரும்பி வர்றதில்லயா? அதான் டிக்கெட்டு விக்கலயா?"

வரிசையில் நின்ற தமிழர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சித்தப்பா வெட்கம் தாங்காமல் கறுப்புக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். முடிவில் அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்பாயி இன்னொரு கையால் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பழைய பெர்ரியை அறியாத இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அது இரண்டு தட்டுக் கப்பல். கீழே காரும் லாரியும், மேலே நாமும். மஞ்சளும் வேறு வண்ணங்களுமாகக் கண்ணைப் பறிக்கும். பூலாவ் ரிமாவ், பூலாவ் தாலாங் தாலாங், பூலாவ் உண்டான் என்று தீவுகளின் பெயரை வைத்திருந்தார்கள். 2021ஆம் ஆண்டு பிறந்த அன்றோடு அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்தக் கப்பலுக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. இரண்டு முனையும் ஒன்றுபோல் இருக்கும். போன வாக்கிலேயே திரும்பி வரும். ஆனால் நம் ஆட்களுக்கு எதிலும் முன்பக்கம் வேண்டுமே! ஏறியதும் குழந்தை குட்டியோடு ஓடி ஒரு முனையில் இடம் பிடிப்பார்கள். சங்கு ஊதும். சங்கிலி கடகடக்கும். கப்பல் எதிர்த்திசையில் புறப்படும். உடனே எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மறுமுனைக்கு ஓடுவார்கள். மூன்று கிலோ மீட்டர்க் கடலில், அதுவும் கால் மணி நேரப் பயணத்தில், இந்த ஓட்டத்துக்கே ஐந்து நிமிடம் போய்விடும்.

புறப்பட்டதும் இன்னொரு வேடிக்கை. ஆண்கள் எல்லாரும் கப்பல் தலைவர்களாகிவிடுவார்கள். கம்பியில் ஒரு காலை வைத்து, கண்ணைச் சுருக்கித் தூரத்தைப் பார்ப்பார்கள். பால்வாளி தூக்கும் எங்கள் அப்பாவும் அன்று அப்படித்தான் நின்றார். சித்தப்பா தெற்கே கைநீட்டிக் காட்டினார். கடலுக்குள் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. "பாலம் கட்டுறான். முடிஞ்சா பெர்ரிக்கு வேலையே இல்ல" என்றார். அந்தப் பாலம் 1985இல் திறந்தது. பதின்மூன்றரைக் கிலோ மீட்டர். பெர்ரி மட்டும் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சித்தப்பா சொன்னது பலிக்காமல் போவது அது முதல் தடவையல்ல.

அப்பாயி கடலைப் பார்க்கவே இல்லை. நடுவில் ஒரு பெஞ்சில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை போய் "அப்பாயி, சொறிமீன் பாரு, குடை மாதிரி மிதக்குது" என்று கூப்பிட்டாள். அசையவில்லை. அம்மாதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மாமியாரும் மருமகளும் வீட்டில் பேசிக்கொள்வது உப்புக்கும் புளிக்கும் மட்டும்தான். அன்று என்ன தோன்றிற்றோ, அப்பாயி பேசினாள். நான் புளிச்சோற்றுப் பை பக்கத்தில் காவலுக்கு நின்றதால் காதில் விழுந்தது.

அவள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவள். வரும்போது பதினாறு வயது. கட்டிய புருஷன் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. பினாங்கில் இறக்கி, ஜெரெஜாக் தீவில் அடைத்துவைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். "மூணு வருஷத்துல திரும்பிடலாம்னு சொன்னாரு உங்க மாமா" என்றாள். அதன்பிறகு அவள் கடலைப் பார்த்தது இல்லை. நாற்பத்தேழு வருடம் ரப்பர் மரத்தைத்தான் பார்த்தாள்.

அந்தக் கதை எங்களுக்குத் தெரியும். தெரியாதது அடுத்ததுதான். 1969 வாக்கில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அப்போது கப்பலேறிப் போனார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் எதிர் லயத்துப் பெரியம்மாவும் போனார். அப்பாயிக்கு அவர் கூடப் பிறக்காத அக்கா. ஒரே நேரத்தில் மரம் வெட்டி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். "ஊரைப் பாத்துட்டு வந்துடறேன்டி, ஆட்டுக்கல்லை வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் பினாங்கில் கப்பலேறினார். ஆட்டுக்கல் இன்னும் எங்கள் வீட்டில் கிடக்கிறது.

அப்பாயிக்கும் சிவப்பு ஐ.சி.தான். நீல ஐ.சி.க்கு மலாய் பேசிக் காட்ட வேண்டும். அவளுக்குத் தெரிந்த மலாய் பசாரில் மீன் பேரம் பேச மட்டுமே உதவும். அதிகாரி "உங்கள் பெயர் என்ன?" என்று மலாயில் கேட்டபோது "மஹால், மஹால்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். விலை அதிகம் என்று அர்த்தம். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

முந்தானை முடிச்சில் இருந்தது அந்தச் சிவப்பு ஐ.சி. கப்பல் ஏறினால் அப்படியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். திரும்பி வர டிக்கெட் இல்லை என்றதும் அந்தப் பயம் உறுதியாகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முட்டையை உரித்து மாமியார் கையில் வைத்தார்.

பினாங்கில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். புடவைக் கடையில் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டு, முதலில் பார்த்ததையே வாங்கினார்கள். அப்பா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு தமிழ்ப் பத்திரிகையை விளம்பரம் உட்பட முழுதும் படித்து முடித்தார். கடைக்காரர் கொடுத்த கலர்த் தண்ணீரை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் குடித்தோம். குயின் தெரு மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை. அது 1833இல் கட்டிய கோயில். அங்கே அப்பாயி வெகு நேரம் கண் திறக்கவில்லை. பிறகு நிழல் தேடி அலைந்து, கடற்கரைத் திடலில் ஒரு மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்தோம். பினாங்குக்குப் போய் நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பிய குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

மாலை நாலு மணிக்குத் திரும்ப ஜெட்டிக்கு வந்தோம். அப்பாயி முன்னால் போனாள். காலையில் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது எங்களால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. காலை வலி எங்கே போயிற்றோ! நுழைவாயிலில் சீருடை போட்ட ஒரு மலாய்க்காரர் நின்றார். சனங்கள் அவரைப் பார்க்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். அப்பாயி மட்டும் அவர் முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த கைக்குட்டையைப் பிரித்து, சிவப்பு ஐ.சி.யை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் திகைத்தார். ஐ.சி.யைப் பார்த்தார். அப்பாயியைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, ஐ.சி.யை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "போலே, நேனே. பாலேக் ரூமா" என்றார். போகலாம் பாட்டி, வீட்டுக்குப் போங்க.

பாலேக் ரூமா அப்பாயிக்குப் புரிந்தது.

திரும்பும் கப்பலில் அவள் கம்பி ஓரத்தில் நின்றாள். சொறிமீனைத் தங்கைக்கு அவளே காட்டினாள். கப்பல் பட்டர்வொர்த்தைத் தொட்டதும் முதலில் இறங்கியவளும் அவள்தான்.

கூலிம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். புடவைப் பை அத்தை மடியில், தங்கை அம்மா மடியில். கண்டக்டர் வந்து "டிக்கெட்" என்று கைநீட்டினார். பாதித் தூக்கத்தில் இருந்த அப்பாயி சட்டென்று முடிச்சை அவிழ்த்து சிவப்பு ஐ.சி.யை எடுத்து நீட்டினாள்.

நம்ம தமிழர்தான் கண்டக்டர். டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவி கையில். ஐ.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுல நான் ஓட்டை போடவா?" என்றார்.

"வேணாம்ப்பா, வேணாம்" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள் அப்பாயி. "அது முழுசா இருக்கட்டும். ஓட்டை போடணும்னா அந்தா உக்காந்திருக்கான் பாரு என் மவன், அவன்கிட்ட கேளு. காசு அவன் குடுப்பான்."