ஒன்று விட்டு ஒன்று

எங்களில் ஒருவரும் கொம்பியூட்டர் படித்தவர்கள் இல்லை. படித்திருந்த ஒரேயொருவன் 2022இல், பெற்றோல் வரிசைகளுக்கு நடுவில், விசா கிடைத்து வெளிநாடு போய்விட்டான். அவன் விட்டுப் போனது ஒரு பழைய லப்டொப்பும், அதற்குள் நூறு வரிகூட வராத ஒரு பைத்தன் நிரலும்தான். இது அந்த நிரலின் கதை. எரர் கதைதானே எண்டு தாண்டிப் போயிடாதேங்கோ.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தின் கதைகளை நாங்கள் சில வருடங்களாகப் பதிந்து வருகிறோம். இதுவரை இருபத்து மூன்று பேர். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு பதிலையும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் தனித்தனி உறுப்பாகப் போடுவோம். பதிலுடைய நேரம், இலக்கம், பேசியவர் எல்லாம் பண்புகளாக அதற்குள்ளேயே இருக்கும். (உறுப்புகளின் பெயர்கள்கூடத் தமிழில்தான் இருக்கவேணும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். எக்ஸ்எம்எல் அதற்கு ஒரு மறுப்பும் சொல்லவில்லை.)

கதை சொல்பவர்கள் எல்லோரும் எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்துவார்கள். "இதைப் போட்டிடாதேங்கோ பிள்ளையள்" என்பார்கள். ஆனால் சொல்லுவார்கள். அந்தப் பதில்களுக்கு 'மறை' என்று ஒரு பண்பு வைத்திருந்தோம். நிரலுக்கு இருந்த முக்கியமான வேலை ஒன்றுதான்: மறை என்று இருப்பதை எல்லாம் அகற்றி, மிச்சத்தை வெளியில் கொடுக்கக்கூடிய கோப்பாக மாற்றுவது.

லப்டொப்பில் உபுண்டு 18.04 இருந்தது. அதற்கான வழமையான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது என்று தெரிந்து, 22.04ஐப் புதிதாக ஏற்றினோம். அதோடு பைத்தன் 3.6 போய் 3.10 வந்தது. அடுத்த நாள் நிரலை ஓட்டினால் ஒரு அற்ரிபியூட் எரர். 'கெற்சில்ட்ரன்' என்று ஒன்று இந்த உறுப்புக்கு இல்லையாம். நேற்றுவரை இருந்தது!

தேடிப் பார்த்ததில் விளங்கியது. ஓர் உறுப்புக்குள் இருக்கும் பிள்ளை உறுப்புகளை எடுத்துத் தரும் அந்தக் கட்டளையைப் பாவிக்க வேண்டாம் என்று பைத்தன் ஆவணத்தில் 3.2 காலத்திலிருந்தே எழுதியிருந்தார்கள். 3.9இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒன்றில் 'லிஸ்ற்' போடலாம், அல்லது உறுப்பின் மேலேயே நேரடியாகச் சுற்று ஓட்டலாம் என்று இருந்தது. இரண்டாவது சுருக்கமாகத் தெரிந்தது. ஒரு சொல்லை அழித்தோம், நிரல் ஓடியது. ரோல்ஸ் வாங்கிப் பிளேன்ரீயோடு கொண்டாடினோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேணும்.

முழுக்கக் கவனயீனமாக இருக்கவில்லை. பழைய வெளியீட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். எல்லா வரியும் மாறியிருந்தது. பயந்துபோய்ப் பார்த்தால் பண்புகளின் ஒழுங்குதான் மாறியிருக்கிறது. 3.8க்கு முதல் பைத்தன் பண்புகளை அகர வரிசைப்படுத்தி எழுதும். அதற்குப் பிறகு நாங்கள் கொடுத்த ஒழுங்கிலேயே எழுதும். ஏழெட்டு வரி பார்த்தோம், எல்லாம் ஒழுங்கு மாற்றம் மட்டும். "ஓகே, வேறயொண்டும் இல்லை" என்று மூடிவிட்டோம். ஆயிரக்கணக்கான பொய் மாற்றங்களுக்கு நடுவில் உண்மையான மாற்றங்களும் இருந்தன. நாங்கள் பார்த்த ஏழெட்டு வரிக்குள் அவை வரவில்லை.

வெளியிட முதல் கதை சொன்னவரிடமே அச்செடுத்துக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அந்த ஞாயிறு ஓர் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தோம். கண் சரியாகத் தெரியாது அவவுக்கு. தலையை ஆட்டியாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவ, நடுவில் கையைத் தூக்கினா.

"தம்பி, இது நான் வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்."

அது என்னவென்று இங்கே எழுதமாட்டோம். வாசித்தவனுக்கு நாக்கு ஒட்டிவிட்டது. "பிழையா வந்திட்டுதம்மா" என்றோம். அவ ஏசவில்லை. "வேற ஆருக்கும் காட்டினியளோ?" என்று மட்டும் கேட்டா.

காட்டியிருந்தோம். முதல் வாரம்தான் வேறு இரண்டு பேரின் கதைகளை, வாசித்துக் காட்டாமலே, ஆய்வுக்கென்று கேட்ட ஒரு மாணவருக்கு அனுப்பியிருந்தோம்.

அன்றிரவு இருந்து பார்த்தோம். தனியாக இருந்த மறை பதில்கள் எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தன. இரண்டு மறை பதில்கள் அடுத்தடுத்து வந்த இடத்தில் இரண்டாவது தப்பியிருந்தது. நான்கு வந்த இடத்தில் இரண்டாவதும் நான்காவதும். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு வொய்ஸ் போட்டோம். அவனுக்கு அங்கே வேலைக்குப் போகிற நேரம். பஸ் சத்தத்துக்குள்ளே சொன்னான்: "வரிசையில நிக்கிற ஆக்களை எண்ணிக்கொண்டே இழுத்தெடுத்தா என்ன நடக்கும்?"

மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற எங்களுக்கு அது உடனே பிடிபட்டது. மூன்றாம் ஆளை வெளியே எடுத்தால் பின்னால் நிற்பவர்கள் ஒரு அடி முன்னுக்கு வருவார்கள். நான்காம் ஆள் இப்போது மூன்றாம் இடத்தில். எண்ணுகிறவர் அடுத்ததாக நான்காம் இடத்தைப் பார்ப்பார். நடுவில் ஒருவர் எண்ணப்படாமலே போய்விடுவார். பழைய கட்டளை எங்களுக்குத் தந்தது வரிசையின் ஒரு பிரதியை. பிரதியைப் பார்த்துக்கொண்டு அசலில் இருந்து எடுக்கும்போது ஒன்றும் பிசகாது. நாங்கள் அசலின் மேலேயே நடந்துகொண்டு அசலையே வெட்டியிருக்கிறோம். 'லிஸ்ற்' என்ற ஒரு சொல்லைப் போட்டிருந்தால் அதுவும் பிரதிதான். பைத்தன் இதற்கு ஒரு எரரும் தராது.

இதில் எங்களை உலுக்கியது வேறொன்று. சும்மா ஒரு விசயத்தை மறைக்கச் சொல்பவர் ஒரு பதிலோடு முடித்துவிடுவார். மனதுக்குள் கனநாள் கிடந்ததைச் சொல்பவர் நிறுத்தமாட்டார், பதிலுக்குமேல் பதிலாகப் போகும். ஆகவே இந்தப் பிழை போய் விழுந்தது சரியாக அந்தக் கதைகளிலேதான்.

'லிஸ்ற்' போட்டோம். இந்த முறை ஒப்பிட முதல் இரண்டு கோப்புகளையும் 3.8இல் வந்த 'கனோனிக்கலைஸ்' என்பதற்குள்ளால் எடுத்தோம். அது பண்புகளை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடும். பழைய 3.6 வெளியீட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பிழையான வெளியீட்டோடு ஒப்பிட்டால் நாற்பத்தொரு இடம். இப்போது நிரலின் கடைசியில் இரண்டு வரி கூடுதலாக இருக்கிறது: வெளியீட்டில் மறை என்று ஒன்றாவது மிஞ்சியிருந்தால் கோப்பை எழுதாமலே நின்றுவிடும்.

மாணவருக்கு அழைத்தோம். அழித்துவிட்டேன் என்றார். அந்த இரண்டு பேரின் வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னோம். ஒருவர் பரவாயில்லை என்றார். மற்றவர் தன் கதை முழுவதையும் எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம். இப்போது இருபத்திரண்டு.

அம்மாவிடம் புதிய அச்சோடு போனபோது முதலில் இருந்து வாசிக்கச் சொன்னா. அந்த இடம் வந்தது. வாசிப்பவன் தன்னையறியாமல் குரலைக் குறைத்தான். முன்பு கையைத் தூக்கிய இடத்தைத் தாண்டி, கைதடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்த கதைக்குப் போய்விட்டோம்.

"ம்... வாசி" என்றா.