டாலி ஆகாத கணக்கு

கன்னியாகுமரியில் சூரிய உதயம் இலவசம் சார். அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன் பாருங்கள், அதற்குத்தான் பில் வந்தது! (ஓட்டல் பெயர் எதற்கு, விடுங்கள்.) நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி நிற்கையில் கையில் அறுபது ரூபாய். செல்போன் செத்துப்போயிருந்தது. வயிறு மட்டும் உயிரோடு.

பக்கத்தில் ஒரு தட்டுக்கடை. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு, மேலே ஆவி பறக்கச் சாளை மீன் குழம்பு. அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1880-களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் பரப்பிய கிழங்கு. என் பஞ்சத்துக்கும் அதுவே கதி.

தட்டு நாற்பது. தக்கலையில் நண்பன் வீட்டுக்குப் பஸ் சார்ஜுக்கு இருபது. பி.காம். படித்தவனல்லவா, பைசா சுத்தமாக டாலி! ஆனால் குழம்பின் புளிப்பும் காரமும் நாக்கில் ஏறியதும், வயிறு ஆடிட்டிங்கை ஒப்புக்கொள்ளவில்லை. காலித் தட்டை வழித்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா மக்கா?"

"வேண்டாம் ஆச்சி, வயிறு ரொம்பிட்டு."

"தட்டப் பாத்தா அப்படித் தெரியல்லியே. பஸ்ஸுக்குப் பைசா இருக்கா? அப்பம் பேசாம தின்னு. காச நாளைக்குத் தா."

தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். காரம்தான், கண்ணில் தண்ணீர்.

மறுநாள் பாக்கியைத் தீர்க்கப் போனேன். அன்றைக்கு நெத்திலி. தீர்ந்தபாடில்லை.