தண்டவாளம் போன வழி

த்ரீ பிரிட்ஜஸ் நிலையத்திலிருந்து கிழக்கே போகும் ரயில் 1967 ஜனவரி முதல் தேதியோடு நின்றுவிட்டது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்குத் தெற்கு நோக்கி ஓடும் பெரிய லைன் இன்றும் ஓய்வில்லாமல் ஓடுகிறது. அதிலிருந்து பிரிந்து சசெக்ஸ் காடுகளுக்குள் நுழைந்த கிளை லைனில்தான் தண்டவாளத்தைப் பெயர்த்து, கட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மீந்த மண்மேட்டில் இப்போது சைக்கிள் போகிறது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை ஏழு மைல். பெயர் வொர்த் வே. அங்கிருந்து க்ரூம்பிரிட்ஜ் வரை ஒன்பதரை மைல். அது ஃபாரஸ்ட் வே.

வண்டி நடமாட்டமே இல்லாத பாதை என்று சொல்லித்தான் வாடகை சைக்கிளைத் தந்தார்கள். முதல் மைலிலேயே குடியிருப்புத் தெருக்கள், நிறுத்தி வைத்த கார்கள். வொர்த் ஊரில் ஆயிரம் வருஷப் பழமையுள்ள சாக்ஸன் காலத்து தேவாலயம் ஒன்று மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. அதைத் தாண்டினால் எம்23 நெடுஞ்சாலையின் இரைச்சல். ஒரு பாலத்தில் ஏறி அதைக் கடந்தேன். அப்புறம்தான் காடு வந்து காதை மூடியது.

ரயில் பாதையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: மேடு வந்தாலும் தொடை அதை உணராது. நீராவி எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. அதனால் குன்று வந்த இடத்தில் வெட்டினார்கள், பள்ளம் வந்த இடத்தில் கொட்டி நிரப்பினார்கள். 1855 ஜூலையில் இந்த முதல் பகுதி திறக்கப்பட்டது. எஞ்சினுக்காக அன்று வியர்த்தவர்களின் கூலியை இன்று என் முழங்கால் அனுபவிக்கிறது.

ரோஃபன்ட்டில் ஒரு நிலையம் இருந்தது. அதைச் சுற்றி ஊர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அமெரிக்காவில் பிறந்து லண்டனில் ரோமத்தோல் வியாபாரம் செய்து பெருத்த கர்டிஸ் லாம்ப்சன் இங்கே பெரிய வீடு வைத்திருந்தார். லைனுக்கு வேண்டிய நிலத்தை மலிவாகக் கொடுத்தார். பதிலுக்கு, அவர் கைகாட்டினால் ரயில் நிற்க வேண்டும். நம் ஊரில் பஸ்ஸை வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லும் பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். ரயிலை நிறுத்தியவரைப் பற்றி அங்கேதான் அறிந்தேன்.

இனி காட்டைப் பற்றி. 1600-க்கு முன்பிருந்தே தொடர்ந்து மரம் நிற்கும் நிலத்தைத்தான் இங்கிலாந்தில் ‘தொன்மையான காடு’ என்று பதிவு செய்கிறார்கள். வொர்த் வேயின் இரு பக்கமும் அப்படிப்பட்ட துண்டுகள் நிறைய உண்டு. கோடரி படாத கன்னிக்காடு என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இங்கே மரங்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டவை. ஹேசல், ஹார்ன்பீம் மரங்களைத் தரையோடு அறுத்துவிடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர் எழும்பும். சில வருஷம் கழித்து மறுபடி அறுப்பு. கரும்பு போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மறுதாம்புதான், மரத்தில். ஒரே அடியிலிருந்து ஏழெட்டுத் தண்டுகள் விரிந்து நிற்கும் மரத்தை வழியில் பார்த்தால், எப்போதோ அறுத்து, அப்புறம் அறுக்க ஆளில்லாமல் விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அறுத்த மரம் கரிமூட்டத்துக்குப் போனது. கரி இரும்பு உலைக்கு. இந்த வீல்ட் வட்டாரம் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் இரும்புக் களம். ஃபாரஸ்ட் வேக்குத் தெற்கே நியூபிரிட்ஜில் 1496-இலேயே ஊதுலை எரிந்தது. ஸ்காட்லாந்துப் போருக்கு இரும்பு வேண்டும் என்று ஏழாம் ஹென்றி மன்னன் போட்ட உத்தரவு அது. தொழில் தெரிந்தவர்கள் பிரான்ஸிலிருந்து வந்தார்கள். துருத்தியையும் சம்மட்டியையும் ஓட்டத் தண்ணீர் வேண்டுமே, அதற்காக ஓடைகளை மறித்துக் குளம் கட்டினார்கள். சம்மட்டிக் குளங்கள் என்ற பெயரோடு அவை இன்றும் காட்டுக்குள் கிடக்கின்றன. வாத்து நீந்துகிறது.

உலைக்காரன் காட்டைத் தின்றுவிட்டான் என்று அந்தக் காலத்திலேயே புலம்பினார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. வருஷாவருஷம் கரி வேண்டும் என்கிறவன் காட்டைக் கொளுத்திவிட்டு உழமாட்டான். அறுத்து, வேலி போட்டு, மாடு மேயாமல் பார்த்து, மறுபடி துளிர்க்க விடுவான். ஏர் புகுந்த நிலம்தான் காடு என்ற பெயரை இழந்தது.

க்ராலி டவுன் ஊரில் லைன்மேல் வீடு கட்டிவிட்டார்கள். அங்கே தெருவில் சுற்றிக்கொண்டுதான் மறுபடி பாதையைப் பிடிக்க வேண்டும். ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டிலும் அதே கதை, ஆனால் அங்கே கதைக்கு ஒரு கதாநாயகர் உண்டு. அன்றைய ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் இந்த ஊரில் குடியிருந்தவர். இயற்பியல் படித்தவர், வருஷத்துக்கு 24,000 பவுன் சம்பளத்துக்கு அவரைக் கொண்டுவந்தது அன்று பெரிய பேச்சு. 1963-இல் அவர் கொடுத்த அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. அவர் குடியிருந்த ஊர் வழியாகப் போன கிழக்கு மேற்கு லைனும் தப்பவில்லை. ரயில் ஓடிய பள்ளத்தில் இப்போது கார்கள் ஓடுகின்றன. அந்தச் சாலையின் பெயர் பீச்சிங் வே. ‘கட்டிங்’ என்றால் ரயிலுக்கு வெட்டிய பள்ளம். ‘கட்’ என்றால் வெட்டு. ஆகவே ‘பீச்சிங் கட்’ என்று வைக்கத்தான் ஆசைப்பட்டார்களாம், மரியாதை கருதி விட்டுவிட்டார்களாம்.

இந்தப் பாதையை அனுபவித்துக்கொண்டே ஒன்று சொல்லியாக வேண்டும். பீச்சிங்குக்கு நன்றி சொல்கிற சைக்கிள்காரர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சவாரி எனக்கு. அடுத்த ஊரான ஃபாரஸ்ட் ரோவில் இருக்கும் கிழவிக்கு திங்கட்கிழமை ஆஸ்பத்திரி போக ரயில் இல்லை.

ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டைத் தாண்டியதும் பாதை சரிகிறது. மெட்வே ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்குகிறோம். பெடலிலிருந்து காலை எடுத்தாலும் சக்கரம் உருள்கிறது. 1866-இல் போட்ட இந்தப் பகுதி ஆற்றையும் அதன் வாய்க்கால்களையும் திரும்பத் திரும்பக் கடக்கிறது. இங்கே கவனித்த ஒன்று: காட்டுக்குள் இரண்டு வயது இருக்கிறது. பாதையின் இரு சரிவிலும் பிர்ச், சிக்கமோர் என்று ஒல்லி மரங்கள். நீராவி நாட்களில் பொறி பறந்து தீப்பிடிக்கும் என்று சரிவுகளைச் செதுக்கி வைத்திருந்தார்கள். அந்த மரங்களுக்கு ரயில் போன பிறகான வயதுதான். பழைய ரயில்வே வேலிக்கு அப்பால் பருத்த ஓக் மரங்கள், ஏப்ரல் கடைசியானதால் அவற்றின் அடியில் புளூபெல் பூக்களின் நீலம். வேலிக்கு இந்தப் பக்கம் அந்த நீலத்தை நான் அதிகம் பார்க்கவில்லை. பழங்காட்டுப் பூக்களுக்கு நடை மெது. வுட் அனிமோன் என்ற வெள்ளைப்பூ ஆறடி நகர நூறு வருஷம் எடுத்துக்கொள்ளும் என்பார்கள். ரயில் நின்று இன்னும் நூறு ஆகவில்லையே.

தெற்கே குன்றின்மேல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட். ஃபாரஸ்ட் என்ற பெயரை நம்பி ஏறிப் போனால் பெரும்பகுதி புதர் வெளி. அந்தச் சொல்லுக்கு ஆதியில் மரம் என்று பொருளில்லை; மன்னன் வேட்டைக்கு ஒதுக்கிய, தனிச் சட்டம் உள்ள நிலம் என்றுதான் பொருள். நம் வனத்துறைப் பலகையில் ‘காப்புக்காடு’ என்றிருக்கும் இடத்தில் மரமே இல்லாமல் பாறை மட்டும் கிடப்பதுண்டு, அதுபோல. மான் வெளியேறாதபடி 23 மைல் வேலியும், 34 வாசல்களும் வைத்தார்கள். வேலி போய்விட்டது. கோல்மன்ஸ் ஹேட்ச், சக் ஹேட்ச் என்று ஊர்ப்பெயர்களில் வாசல் மட்டும் நிற்கிறது.

ஹார்ட்ஃபீல்டில் நிலையக் கட்டடம் இன்னும் இருக்கிறது. 1925-இல் எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் வாங்கிய காச்ஃபோர்ட் பண்ணை வீடு பக்கத்தில்தான். அடுத்த வருஷம் வந்த அவருடைய ‘வின்னி-த-பூ’ கதையின் கரடி இந்தக் காட்டுக்காரன். ஆற்றில் குச்சி போட்டு விளையாடும் மரப்பாலத்தைப் பார்க்கப் பாதையை விட்டு விலகிப் போக வேண்டும். இப்போதுள்ளது புதிது. கழற்றிய பழைய பாலம் 2021-இல் ஏலத்தில் 131,625 பவுனுக்குப் போனது. நான் போகவில்லை, கரடியைச் சின்ன வயதில் படிக்காதவனுக்கு அந்தப் பாலம் வெறும் பாலம்.

விதியம் ஊரைக் கடந்து, வயலும் செம்மறியுமாகக் கொஞ்ச தூரம். க்ரூம்பிரிட்ஜில் தண்டவாளம் திரும்ப முளைக்கிறது. ஆர்வலர்கள் ஓட்டும் நீராவி ரயில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் பக்கமிருந்து வந்து, இந்த நிலையத்தைத் தொட்டு எரிட்ஜ் வரை போகிறது. நான் போன அன்று வண்டி இல்லை. பிளாட்பாரத்தில் பெயின்ட் பளபளத்தது, ஆள் இல்லை. சைக்கிளைத் திருப்பினேன். ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் மிஞ்சியிருக்கும் வேறு லைனில் ரயிலைப் பிடிக்க ஒன்பதரை மைல். வரும்போது தானாக உருட்டிவிட்ட சரிவு, ஃபாரஸ்ட் ரோவைத் தாண்டியதும் முழங்காலுக்குத் தெரிந்தது.