அக்னிவீரர்: சேரும் முன் ஒரு கணக்கு



"டீச்சர், பையன் பட்டாளத்துக்குப் போகணும்கிறான், அனுப்பலாமா?" என்னிடம் படித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பட்டாளத்து வேலைக்கு நம் பக்கம் எப்போதும் மதிப்பு உண்டு. சம்பளத்தைவிட அதற்குப் பின்னால் வரும் பென்ஷனுக்குத்தான் அந்த மதிப்பு. 15 வருஷம் முடித்தால் ஆயுசுக்கும் பென்ஷன், அவருக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப பென்ஷன். 2004-ல் மத்திய அரசு ஊழியர்களுக்குப் பழைய பென்ஷனை நிறுத்தியபோதுகூட முப்படைகளை விட்டுவைத்தார்கள்.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். இப்போது சிப்பாயாகச் சேர்பவர் அக்னிவீரர். நான்கு வருஷ வேலை. அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு வர வேண்டியதுதான். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை.

சரி, கணக்குப் போடுவோம். முதல் வருஷம் மாதம் 30,000. அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம், கைக்கு வருவது 21,000. நான்காம் வருஷம் 40,000, கைக்கு 28,000. நான்கு வருஷப் பிடித்தம் சுமார் 5.02 லட்சம். அரசும் அதே அளவு போடுகிறது. வட்டியோடு கடைசியில் சுமார் 11.71 லட்சம், வருமான வரி கிடையாது. பெரிய தொகையாகத்தான் தெரியும். அதில் கிட்டத்தட்ட பாதி உங்கள் பையன் சம்பளத்தில் பிடித்த பணம் என்பதை மறக்காதீர்கள்.

அரசு சொல்லும் காரணம், படையில் இளைஞர்கள் அதிகம் இருக்க வேண்டும் என்பது. அது நியாயமான காரணம்தான். பென்ஷன் செலவு ஏறிக்கொண்டே போவதும் உண்மை. ஆனால் பிரிட்டனைப் பாருங்கள். அங்கே சேருபவர்களைவிட விலகுபவர்கள் அதிகமாகி, 2024-ல் புதிதாகச் சேருபவர்களுக்கு 35 சதவீதம் சம்பளத்தை உயர்த்தினார்கள். அங்கே ஆளைத் தக்கவைக்கப் பாடுபடுகிறார்கள். இங்கே இருக்கிறேன் என்று சொல்லும் பையனை, பழக்கி முடித்தபின் நாமே அனுப்புகிறோம்.

2022 கடைசியில் சேர ஆரம்பித்த முதல் அணிக்கு 2026 கடைசியில் நான்கு வருஷம் முடிகிறது. எங்கள் சொந்தத்திலும் ஒரு பையன் இருக்கிறான். லீவில் வந்தபோது பெண் பார்க்கலாமா என்று அவன் அம்மா கேட்டாள். "அந்த நாலில் ஒருத்தனா நான் வருவேனான்னு தெரியட்டும்மா, பிறகு பார்க்கலாம்" என்றான். 22 வயதுப் பையன். எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. நான் 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலையில் சேர்ந்தவள், மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது. எல்லையில் நிற்கிறவனுக்கு அந்த நிம்மதி இல்லையே.

அப்படியானால் போக வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் ஓடி முடிக்கத் தினமும் இருட்டோடு எழுந்து பழகுகிற பிள்ளைகளின் ஆசையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? ஆனால் நாலில் மூன்று பேர் திரும்பி வருவார்கள் என்று தெரிந்தே அனுப்புங்கள்.

பத்தாவது முடித்துப் போகிறவன் உள்ளே இருக்கும்போதே தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவதை முடிக்கட்டும். பன்னிரண்டு முடித்தவன் இக்னோவில் பட்டத்துக்குப் பதியட்டும், அங்கே ராணுவப் பயிற்சிக்கும் மதிப்பெண் உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு 2022-லேயே அறிவித்தார்கள். அந்த அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சேவா நிதியை வீட்டுக் கடனுக்கோ அக்கா கல்யாணத்துக்கோ இப்போதே கணக்கு வைக்காதீர்கள். அது அவன் அடுத்த வாழ்க்கைக்கான முதல்.

ராஜபாளையத்தில் மில், கடை, கம்பெனி வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரும்பி வரும் பிள்ளைக்கு "செக்யூரிட்டி வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். என்னென்ன தெரியும் என்று உட்காரவைத்துக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது அக்னிவீரராக இருந்தால் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்