காப்பார் மின்நிலையமும் காற்றின் கணக்கும்

மலேசியாவின் காப்பார் கடலோரத்தில் நிற்கும் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம் மொத்தம் 2,420 மெகாவாட் திறனுடன் அமைக்கப்பட்டது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் மூன்றையும் எரிக்கக் கட்டப்பட்டது. அது வெளிவிடும் கரியமிலவாயுவை எரித்த எரிபொருளின் அளவைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். அது கணக்கப்பிள்ளையின் வழி. சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களும் அலையாத்திக் காடுகளும், மலாயில் காம்புட் எனப்படும் மக்கிய சதுப்பு மண்ணும் எவ்வளவு விடுகின்றன, எவ்வளவு இழுக்கின்றன என்பதற்கு எந்த ரசீதும் கிடையாது. அங்கே காற்றை அளந்து பின்னோக்கிக் கணக்கிடுவதுதான் வழி.

அந்த வழி எவ்வளவு நுட்பமானது என்பதை மின்நிலையப் புகையைக் கொண்டே பார்க்கலாம். 500 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று முழுவீச்சில் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 125 கிலோ கரியமிலவாயு வெளியேறும். காற்று நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசி, புகை 2 கிலோமீட்டர் அகலத்துக்கும் 1 கிலோமீட்டர் உயரத்துக்கும் பரவிவிட்டதாக வைத்துக்கொண்டால், பத்து லட்சத்தில் 420 பங்குக்கும் மேலாக இருக்கும் வாயுவில் கூடுவது 9 பங்குதான். தரையில் உள்ள கருவி இதை எளிதில் பிடித்துவிடும். செயற்கைக்கோளோ தரைமுதல் வளிமண்டல உச்சிவரை உள்ள காற்று முழுவதையும் சேர்த்துப் பார்ப்பதால், அதற்கு அந்த 9 பங்கு ஏறக்குறைய ஒரு பங்காகத் தெரியும். நாசா 2014இல் ஏவிய ஓசிஓ-2 செயற்கைக்கோளின் ஒற்றை அளவீட்டில் வரும் பிழையே கிட்டத்தட்ட அவ்வளவு. ஆயினும் பல அளவீடுகளைச் சேர்த்து, கனடாவின் ரே நாசரும் குழுவினரும் 2017இல் தனித்தனி மின்நிலையங்களின் வெளியீட்டைக் கணக்கிட்டனர். இந்தியாவின் சாசன் அவற்றில் ஒன்று. காப்பாரில் வேறு தொல்லை. அந்தச் செயற்கைக்கோள் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணி அளவில். வெப்பமண்டலக் கரையில் மேகம் திரளும் நேரம்.

கருவியை விடப் பெரிய சிக்கல் காற்று. வேகத்தை 4க்குப் பதில் 3 என்று எடுத்துக்கொண்டால் விடையும் கால்பங்கு குறைந்துவிடும். இரவில் நிலக்காற்று புகையை மலாக்கா நீரிணைக்குத் தள்ளும். பகலில் கடற்காற்று அதே புகையைத் திருப்பிக் கொண்டுவரும். நேற்றைய வாயு இன்றைய கணக்கில் ஏறிக்கொள்ளும். இரவில் தரையோரக் காற்று மேலே கலக்காமல் தேங்குவதால், வெளியீடு கூடாமலேயே செறிவு கூடும். எனவே ஆய்வாளர்கள் காற்று நன்றாகக் கலந்த பிற்பகல் அளவுகளையே பெரிதும் நம்புகின்றனர்.

ஒரு வட்டாரம் முழுவதற்கும் கணக்கிட, முதலில் உத்தேச வெளியீட்டைக் கணினி மாதிரியின் காற்றில் விட்டு, அளவீட்டு நிலையத்தில் வரவேண்டிய செறிவைக் காண்பார்கள். உண்மை அளவு அதோடு ஒத்துவராவிட்டால், இரண்டின் பிழைகளையும் எடைபோட்டு உத்தேசத்தைத் திருத்துவார்கள். நிலையங்கள் குறைந்தால் திருத்தமும் பலவீனமாகும். இந்தப் பகுதியில் அவை குறைவு: சபாவில் டானும் பள்ளத்தாக்கு, சுமாத்திராவில் புக்கிட் கோத்தோதாபாங். வங்கக் கடலுக்கு அப்பால் புதுச்சேரியில் 2006 முதல் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். குடுவையில் காற்றைப் பிடிப்பது சுலபமான வேலை போலத்தான் தோன்றும். ஆனால் பிடிப்பவர் காற்றை எதிர்நோக்கி நின்று மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். விடும் மூச்சில் சுற்றுக்காற்றைப் போல நூறு மடங்கு கரியமிலவாயு உண்டு.

பயணிகள் விமானங்களும் கைகொடுத்தன. 2008இல் பிராங்க்பர்ட்–சென்னை லுப்தான்சா விமானத்தின் சரக்கறையிலிருந்த கருவிப்பெட்டி பருவமழைக் காலக் காற்றை அளந்தது. காப்பாரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் பள்ளிகளை மூடவைத்த 2015 புகைமூட்டத்தின்போது ஜப்பானிய விமானங்களும் ஒரு சரக்குக் கப்பலும் எடுத்த அளவுகளைக் கொண்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நிலநடுக்கோட்டு ஆசியாவில் தீயினால் வெளியேறிய கார்பன் சுமார் 27.3 கோடி டன் என்று ஜப்பானிய ஆய்வாளர் யோசுகே நிவாவின் குழு மதிப்பிட்டது.

இந்த எண் வட்டாரம் முழுவதன் தீக்கு உரியது. காப்பார் மின்நிலையம் விடுவதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நிலக்கரியின் வாயுவை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய கதிரியக்கக் கார்பன் உதவும். நிலக்கரியில் அது முற்றிலும் அழிந்துபோயிருக்கும். செம்பனையில் இன்றைய காற்றின் அளவே இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய காம்புட் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அது எரிந்தால் அதன் பழைய கார்பனில் ஒரு பகுதி நிலக்கரிப் புகையாகவே கணக்கில் ஏறும்.