சொல்லும் கருவி, கேட்கும் நெஞ்சம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலத்தைப் பேண வேண்டும் என்று அறிவுரை கூறும்போதெல்லாம் ஆசிரியைகள் இதனை நமக்கு எடுத்துரைப்பார்கள். எங்கள் வீட்டிலோ இப்பழமொழிக்கு நேர்ப்பொருள்தான். ஏனெனில் என் தந்தையார் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் தளம் போடுமுன் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, தளம் இறுகியபின் அவற்றைப் பிரித்தெடுப்பது அவர் தொழில்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டடத்திற்குள் நுழைந்தாலும், அது மாதா கோயிலானாலும் கல்யாண மண்டபமானாலும், தூணை விரல் மடக்கித் தட்டி ஓசையைக் கேட்பார். சிறுமியாக இருந்தபோது எனக்கு அது வெட்கமாக இருக்கும். இடக்கையால் மட்டும் அவர் தட்டுவதில்லை. அக்கையில் இரண்டு விரல்கள் வளைந்தே இருக்கும். நான் ஆறாம் வகுப்பில் படிக்கையில், வேறோர் ஊரில் வேலை செய்த கட்டடத்தில், நாள் நிறையுமுன்பே முட்டுகளைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தபோது தளத்தின் ஓரம் பெயர்ந்து அவர் கைமேல் விழுந்தது.

“தளம் உள்ளே இறுகிச்சா இல்லையான்னு மேலே பார்த்தா தெரியாது பாப்பா. அதுக்கு வாய் இல்லையே!” என்று கட்டுப் போட்ட கையோடு அப்பா சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

அந்த வாயில்லாத தளம் பேசுவதை நான் எங்கள் சிறுசேரியிலேயே கண்டேன். வயலும் ஏரியும் பனைமரமுமாக இருந்த ஊர் என்று முதியோர் கூறுவர். இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அதனைச் சுற்றி எழும் அடுக்குமாடிகளுமே கண்ணில் படுகின்றன. கடந்த ஆண்டு மழைக்காலத்தில் அப்பாவுக்கு அத்தகைய கட்டடம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுத் தூக்குடன் அங்கே சென்றேன். கம்பி கட்டி முடித்திருந்தார்கள். இளம் பொறியாளர் அக்கா ஒருவர் குனிந்து, தீப்பெட்டி அளவேயுள்ள ஒரு பொருளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக் கொண்டிருந்தார்.

“அக்கா, இது என்ன?” என்று கேட்டேன்.

“இது சென்சார். காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டர் வைக்கிற மாதிரி, தளத்துக்கு வைக்கிறேன்” என்றார் சிரித்துக்கொண்டே.

பிறகு அவர் விளக்கினார். சிமெண்டும் நீரும் சேரும்போது வெப்பம் பிறக்கிறது. உள்ளே எவ்வளவு வெப்பம் எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதைக் கொண்டு, கான்கிரீட் பெற்ற வலிமையை மதிப்பிடலாம். அதே கலவையில் 15 செ.மீ. கனச்சதுரக் கட்டிகளை வார்த்து, வெவ்வேறு நாட்களில் உடைத்துப் பார்த்து, முன்பே ஒரு கணக்கு வகுத்திருப்பார்கள். கான்கிரீட்டுக்குள் புதைந்த கருவி வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே இருந்து, கம்பியில்லாமல் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. கைபேசி அக்கணக்கோடு ஒப்பிட்டு, தளம் இத்தனை பங்கு வலிமை அடைந்துவிட்டது என்று காட்டுகிறது.

ஏழாம் நாள் வந்தது. நம் நாட்டின் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டாக இருந்தால், 4.5 மீட்டர் வரை இடைத்தூரமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாட்களிலும், அதற்கு மேற்பட்டால் 14 நாட்களிலும் எடுக்கலாம் என்கிறது. அப்பா வேலை செய்தது சிறிய அறைகளின் தளம். ஆகவே காண்டிராக்டர், “நாள் ஆகிவிட்டது, பிரியுங்கள். மேல்தளத்துக்குப் பலகை வேண்டும், வாடகை ஏறுகிறது” என்றாராம். ஆனால் அக்காவின் கைபேசியோ, வலிமை இன்னும் போதவில்லை என்று காட்டியது. அங்கே போட்டது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டு. அது மெதுவாகத்தான் வலிமை பெறும். வேறு சிமெண்டுக்கு நாட்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அந்த விதிநூலே சொல்கிறதாம்.

அக்கா வயதில் சிறியவர், வேலைக்கும் புதியவர். காண்டிராக்டர் குரலை உயர்த்தியபோது அவர் அப்பாவைப் பார்த்து, “மேஸ்திரி, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாராம். அப்பா பதில் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த கடப்பாரையைத் தரையில் வைத்துவிட்டு நின்றார். அவருடைய ஆட்களும் வைத்துவிட்டார்கள்.

நான்கு நாட்கள் கழித்து, கைபேசி போதும் என்று காட்டிய பிறகே முட்டுகள் பிரிக்கப்பட்டன. ஒன்றும் நடக்கவில்லை. யார் கையும் நசுங்கவில்லை. ஒன்றும் நடவாத நாளைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. ஆகையால்தான் நான் எழுதுகிறேன். அந்த நான்கு நாள் கூலி குறைந்ததால் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் புத்தாடை இல்லை. பழைய பாவாடையை அம்மா தேய்த்துக் கொடுத்தார்கள். அதனை அணிந்து நள்ளிரவுத் திருப்பலிக்குச் சென்றபோது, உண்மையாகவே எனக்கு வருத்தம் தோன்றவில்லை. என் பக்கத்தில் அப்பா முழுமையாக நின்று கொண்டிருந்தார் அல்லவா?

இதனை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கூறியபோது, “பாம்பன் பாலத்தைப் பற்றிப் படித்துப் பார்” என்றார்கள். படித்தேன். 1914-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உப்புக்காற்றில் நின்றது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் ஒரு பயணிகள் ரயிலே கடலில் அடித்துச் செல்லப்பட்டது, பாலமும் சிதைந்தது. அதனை 46 நாட்களில் சீர்செய்தவர் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். பின்னாளில் அங்கே காற்றுமானியைச் சிக்னலோடு இணைத்தார்கள். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடந்தபோதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்து, ரயில் நிறுத்தப்பட்டது.

பாலம் முதுமை அடைந்தபோது, அதன் அசைவுகளை அளந்து அனுப்பும் கருவிகளைச் சென்னை ஐ.ஐ.டி. பொறியியலார் பொருத்தினார்கள். 2022 டிசம்பரில், கப்பலுக்கு வழிவிட்டுத் தூக்கும் நடுப்பகுதியிலிருந்து அபாய எச்சரிக்கை வந்தது. அப்பால் எந்த ரயிலும் அப்பாலத்தின்மேல் பயணிகளோடு செல்லவில்லை. இராமேசுவரம் செல்வோர் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே சென்றார்கள். இரண்டாண்டுகளுக்கு மேல் எத்தனை யாத்திரிகர்கள் மூட்டையோடு முணுமுணுத்திருப்பார்கள்! ஆனால் யாரும் கடலில் விழவில்லை. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

இவற்றை எண்ணும்போது என் மனம் மௌலிவாக்கத்திற்குச் செல்கிறது. நம் பகுதிக்கு அருகேதான் உள்ளது அவ்வூர். 2014 ஜூன் 28 அன்று, கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் என் அப்பாவைப் போன்ற தொழிலாளர்கள். ஒரு கருவி இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் கூற மாட்டேன். கருவி குறையைக் காட்டும், குறையைத் திருத்தாது. திருத்த வேண்டியவர்கள் மனிதர்கள்.

நாம் அடிக்கடி ஏறும் பரங்கிமலையின் புனித தோமையார், தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். அவரை ஐயப்பட்டவர் என்று சிலர் குறை கூறுவர். ஆனால் காயத்தைத் தொடும்படி ஆண்டவரே அவரை அழைத்தார் அன்றோ? சென்சாரும் தோமையாரைப் போன்றதே. தொட்டறிந்து உண்மையைச் சொல்கிறது. சொன்னபின் மண்டியிட்டு ஏற்பதும், ஏற்காமல் முட்டைப் பிரிப்பதும் நம் நெஞ்சைப் பொறுத்தது.

பத்தாம் வகுப்பை முடித்துக் கணிதமும் அறிவியலும் எடுத்து, கட்டுமானப் பொறியியல் படிக்க விரும்புகிறேன். இறைவன் அருள வேண்டும். அந்த அக்கா நின்ற இடத்தில் ஒருநாள் நானும் நிற்பேன். அன்று யாரேனும் குரலை உயர்த்தினால், தரையில் வைத்த அந்தக் கடப்பாரையை நினைத்துக்கொள்வேன்.

அப்பா இன்னும் தூண்களைத் தட்டத்தான் செய்கிறார். இப்போது எனக்கு வெட்கம் இல்லை. நானும் தட்டுகிறேன்.